நாலு காலும் வெறுங்கால்

ஃபனாலின் குளம்பில் ஆணி நிற்கவில்லை.

புதன்கிழமை காலை லாடக்காரர் கிஸ்லேன் அதன் முன்னங்கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கித் தன் தொடையிடுக்கில் வைத்துப் பார்த்தார். பழைய லாடத்தைக் கழற்றும்போதே குளம்பின் ஓரம் காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்தது. புது ஆணி அடித்தால் பிளந்துகொண்டு போனது. கொஞ்சம் மேலே தள்ளி அடித்தால் சதையில் இறங்கிவிடும். மூன்று வாரமாக மழை இல்லை, கிழக்குக் காற்று மட்டும். எங்கள் பக்கத்து நவம்பர் இப்படி இருக்காது. மண்ணும் காய்ந்து கிடந்தது, குளம்பும் காய்ந்து கிடந்தது.

"இதுல ஆணி அடிக்க எடமே இல்ல லோயிக்," என்றார் கிஸ்லேன். "ரெண்டு மாசம் புல்லுல விடு. தானா வளந்து வரட்டும்."

"ஞாயித்துக்கெழம ஓடணுமேப்பா."

"எதுல ஓடுறது? எம் மூஞ்சியிலயா?"

லோயிக்தான் எங்கள் முதலாளி. ஒன்பது குதிரைகளைப் பழக்குகிறார், பந்தயத்தில் வண்டியையும் அவரே ஓட்டுகிறார். எங்கள் ஊர்ப் பந்தயத்தில் குதிரை மேல் யாரும் ஏறுவதில்லை. இரண்டு சக்கரம் வைத்த லேசான வண்டி ஒன்றைக் கட்டி, அதில் காலை நீட்டி உட்கார்ந்து ஓட்டுவார்கள். குதிரை துள்ளோட்டத்திலேயே போக வேண்டும். நாலுகால் பாய்ச்சல் எடுத்தால் அப்போதே விலக்கிவிடுவார்கள். நான் அந்த லாயத்தில் சாணி அள்ளுகிறவன், வைக்கோல் கட்டுத் தூக்குகிறவன். பந்தயத்தன்று வாளியும் கம்பளியும் சுமக்கிறவன்.

ஃபனாலைப் பார்த்துக்கொள்வது மரிவோன். ஐம்பது தாண்டிய பெண். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை குட்டி இல்லை. ஏழு வருடமாக ஃபனாலுக்குத் தீனி போடுவது, தேய்ப்பது, காலுக்குக் களிமண் பூசுவது எல்லாம் அவள்தான். ஃபனால் விதையடித்த குதிரை. அதற்குப் பத்து வயது ஆகிவிட்டது. பத்து வயது முடிந்த குதிரை இந்தப் பந்தயங்களில் ஓடக்கூடாது என்பது சட்டம். டிசம்பரோடு அதன் ஓட்டம் முடிந்துவிடும். அப்படிப்பட்ட குதிரைக்கு இரண்டே வழிதான். யாராவது மேய்ச்சல் நிலம் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வியாபாரியின் லாரி வரும். லாரி எங்கே போகும் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

குதிரையின் சொந்தக்காரர் மொசியே வோக்லேன். கூரை வேயும் நிறுவனம் வைத்திருக்கிறார், தாராளமான கை, பெரிய குரல். கோடையில் ஒருநாள் லாயத்தில் எல்லோருக்கும் சாப்பாடு போட்டபோது கையில் ஆப்பிள் மது கிளாஸுடன் எழுந்து நின்று சொன்னார்: "ஓட்டம் முடிஞ்சதும் ஃபனால் உனக்குத்தான் மரிவோன். காசு பணம் ஒண்ணும் வேணாம். ஆனா கடைசியா ஒரு தடவ நம்ம ஊரு மைதானத்துல ஓடணும். என் ஆளுங்க குடும்பத்தோட வந்து பாக்கணும். அதுக்கப்பறம் அவன் உன்னோடவன்."

அந்தக் கடைசித் தடவைதான் வரும் ஞாயிற்றுக்கிழமை. மரிவோன் தன் தம்பி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிலத்துக்கு ஏற்கெனவே வேலி போட்டுவிட்டாள். கம்பம் நட நானும் போனேன், அந்த மண்ணில் கடப்பாரை இறங்குவதற்குள் என் முதுகு போய்விட்டது.

லோயிக் குளம்பைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார். ஓட்டவில்லை என்று சொன்னால் வோக்லேன் கோபித்துக்கொள்வார். லாயத்தில் உள்ள ஒன்பதில் நாலு குதிரை அவருடையது.

"மெத்து மணல்ல நொண்டலயே," என்றார் லோயிக். "லாடம் இல்லாம ஓட்டுறேன். முன்னாடி இல்லாம பின்னாடி மட்டும் இருந்தா பின்னங்கால் லாடம் முன்னங்கால்ல இடிக்கும், நாலையும் கழட்டிடு கிஸ்லேன். போன அஞ்சு ஓட்டத்துல இவன் என்ன பண்ணான்? ஒண்ணுமில்ல. யாரு இவனத் திரும்பிப் பாக்கப் போறா? எல்லாருக்கும் பின்னால நிதானமா சுத்திட்டு வந்துடுறேன். வோக்லேன் ஆளுங்க கை தட்டட்டும். சாயங்காலம் நீ கூட்டிட்டுப் போயிடு மரிவோன்."

"கடைசியிலதான் வருவீங்க?"

"கடைசியிலதான்."

"யார் என்ன சொன்னாலும்?"

"வண்டியில நாந்தானே உக்காரப் போறேன், வேற எவன்?"

மரிவோன் ஒத்துக்கொண்டாள். லோயிக் மத்தியானத்துக்குள் பந்தய அலுவலகத்துக்குப் போன் செய்து, விதிப்படி லாட விவரத்தைச் சொல்லிவிட்டார்: நாலு காலும் வெறுங்கால்.

இங்கேதான் விஷயம் தவறிப்போனது. லாடம் இல்லாத கால் லேசானது, வேகமாகப் போகும். ஆனால் அடிக்கடி அப்படி ஓட்டினால் குளம்பு தேய்ந்துவிடும். அதனால் ஜெயிக்கவே வேண்டும் என்று நினைக்கிற நாளில் மட்டும்தான் பழக்குகிறவர்கள் லாடத்தைக் கழற்றுவார்கள். பந்தயப் பேப்பரில் குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு குறி உண்டு. பந்தயம் பிடித்தவன் எவனும் முதலில் பார்ப்பது அந்தக் குறியைத்தான். எங்களுக்குத் தெரியாததா? ஆனால் புதன்கிழமை நாங்கள் எல்லோரும் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பேப்பர் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஞாயிறு காலை குதிரைகளுக்குத் தீனி வைத்துவிட்டு, குதிரையை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு காப்பி குடிக்க ஜீனெத்தின் கடைக்குப் போனேன். பந்தயச் சீட்டும் அங்கேதான் எழுதுவார்கள். ரொலான் தன் வழக்கமான மேசையில் பேப்பரை விரித்து நாலு மூலையிலும் நாலு கப்பை வைத்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர். அவரைச் சுற்றி மூன்று பேர். எங்கள் மைதானத்தில் அன்று எட்டு ரேஸ், எட்டையும் அலசிக்கொண்டிருந்தார்கள்.

"மொத ரேஸுல மூணாம் நம்பர விட்டா வேற கெடையாது," என்று ரொலான் விரலால் தட்டினார். "ரெண்டாவது ரேஸு குட்டிங்க. அதுல எவனும் எதுவும் சொல்ல முடியாது, எது எப்ப பாயும்னு அதப் பெத்தவளுக்கே தெரியாது. மூணாவதுல அந்தப் பெட்டை. நல்லவதான், ஆனா வலது பக்கம் திரும்புற மைதானத்துல ஒரு தடவகூட வந்ததில்ல."

"வந்திருக்கா. போன வருஷம் ரெண்டாவதா வந்தா."

"அது மழையில. மழையில வர்றது வேற. இன்னிக்கு தரை எப்படி இருக்கு? தார் ரோடு மாதிரி இருக்கு. கோடு அடிச்சிட்டு அடுத்ததுக்கு வா."

ஜீனெத் எனக்குக் காப்பியை வைத்தாள். நான் சுவர்ப்பக்கமாகத் திரும்பிக் குடித்தேன். லாயத்து விஷயம் வெளியே பேசக்கூடாது. பேசினால் அடுத்த நாள் வேலைக்கு வர வேண்டியதில்லை.

"அஞ்சாவது ரேஸ்," என்றார் ரொலான். குரல் தணிந்துவிட்டது. "ஃபனால். வயசு பத்து. கடைசி அஞ்சு ஓட்டம்: எட்டு, ஒண்ணுமில்ல, விலக்கல், ஏழு, ஒண்ணுமில்ல. பாத்த ஒடனே என்ன பண்ணுவ? அடிச்சிடுவ."

"அடிச்சாச்சு," என்றான் ஒருவன்.

"அதான் நீ இன்னும் பழைய சைக்கிள்ல போற. இங்க பாரு. நாலு காலும் வெறுங்கால். ரெண்டு வருஷத்துல இதான் மொத தடவ. எதுக்குக் கழட்டினான் லோயிக்? சொல்லு."

"வெயிட்ட கொறைக்க."

"கெழட்டுக் குதிரைக்கு செருப்பக் கழட்டினா கொமரனாயிடுமா?" என்று ஜீனெத் கல்லாப்பெட்டிப் பக்கமிருந்து கேட்டாள். "அப்படின்னா ரொலான், நீயும் கழட்டிப் பாரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ரொலான் சிரிக்கவில்லை. "சிரி, சிரி. டிசம்பரோட குதிரைக்கு ஓட்டம் முடியுது. இது கடைசி ரேஸ். அதுவும் சொந்த ஊர்ல. வோக்லேன் மைதானத்து ஓட்டல்ல நாப்பது பேருக்கு சாப்பாடு சொல்லியிருக்கான், எம் மருமவதான் அங்க பரிமாறுறா. நாப்பது பேரக் கூட்டிட்டு வந்து, தங் குதிர கடைசியில வர்றதக் காட்டுவானா? அஞ்சு ரேஸா சும்மா ஓட்டி, கட்டினா கெடைக்கிற விலைய ஏத்திட்டு, இன்னிக்கு லாடத்தக் கழட்டுறான். இத எதுல எழுதி வச்சிருக்கணும் உனக்கு, சர்ச்சு சொவத்துலயா?"

அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. சாப்பாடு உண்மை, கடைசி ஓட்டம் உண்மை, லாடம் கழற்றியது உண்மை.

"பேப்பர்க்காரனே போட்டிருக்கான் பாரு," என்று இன்னொருவன் கீழே கட்டம் கட்டியிருந்ததைப் படித்தான். "'இன்றைய ஆச்சரியம், ஃபனால். காலைக் கவனியுங்கள்.'"

"ஏம்ப்பா எர்வே!" ரொலான் என்னைக் கண்டுகொண்டார். "நீ அங்கதான வேல செய்யிற? எப்படி இருக்கான் ஃபனால்?"

"நான் சாணி அள்ளுறவன் மொசியே ரொலான்."

"சரி, சாணி எப்படி இருக்கு? கெட்டியா, எளகலா?"

மறுபடி சிரிப்பு. நான் காப்பிக் காசை வைத்தேன். சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள், விலையை ஏற்ற லோயிக் சொல்லி அனுப்பினான் என்றிருப்பார்கள். நான் பேசாமல் கதவைத் திறந்தேன்.

"பாத்தியா, வாயத் தொறக்க மாட்டேங்குறான்!" ரொலான் மேசையைத் தட்டினார். "போன ரேஸுக்கு முந்தி 'ஒண்ணும் தேறாது'ன்னு நல்லாத்தான் பேசினான். இன்னிக்கு ஊமையாயிட்டான். ஜீனெத், அஞ்சாவதுல ஃபனால். வின் எழுது, மொத எடந்தான், பிளேஸ் எழுதாத."

மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி இருக்கும். நான் முதலில் ஓடுபாதைக்குப் போய்க் குதிகாலால் குத்திப் பார்த்தேன். மேலே ஒரு விரல்கடை மணல், அதற்குக் கீழே கல் மாதிரி இறுகிய தரை. தண்ணீர் தெளித்திருந்தார்கள், மேலோடு நனைந்திருந்தது. திரும்பி வந்து மரிவோனிடம் சொன்னேன். அவள் ஃபனாலின் பிடரி மயிரைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"பின்னால மெதுவா வந்தா ஒண்ணும் ஆகாதில்ல?" என்றாள்.

"மெதுவா வந்தா ஒண்ணும் ஆகாது."

"அப்பறம் என்ன."

ஃபனால் அவள் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு நின்றது. வயதான குதிரை, எல்லா மைதானமும் பார்த்தது. ஒலிபெருக்கி அலறினாலும் அசையாது. காதில் மட்டும் பஞ்சு அடைத்திருந்தோம், ஓட்டத்தில் எல்லாக் குதிரைக்கும் அடைப்பதுதான். பஞ்சில் ஒரு நூல் கட்டி வண்டி வரைக்கும் விட்டிருப்பார்கள். கடைசி நேரத்தில் ஓட்டுகிறவர் நூலை இழுத்தால் பஞ்சு வந்துவிடும். அதுவரை அமைதியாக இருந்த காதில் திடீரென்று கூட்டத்தின் சத்தம் விழும், குதிரை மிரண்டு இன்னும் வேகம் எடுக்கும்.

மூன்றாவது ரேஸ் முடிந்தபோது வோக்லேன் லாயப்பக்கம் வந்தார். சாப்பாட்டில் முகம் சிவந்திருந்தது. கையில் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்.

"திருட்டுப் பசங்களா!" என்று லோயிக்கின் முதுகில் ஓங்கித் தட்டினார். "எங்கிட்டயே மறைச்சிட்டீங்களே! இங்க பாரு, ஒண்ணுக்கு மூணு! ஃபேவரிட்! ஊரே இவன் மேலதான் கட்டியிருக்கு! எம் மேசையில இருக்குற நாப்பது பேரும் கட்டியாச்சு. என் வேலக்காரப் பையன் ஒருத்தன் சம்பளத்தையே கட்டிட்டான். முன்னாடியே ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

லோயிக் கைபேசியைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன்.

"மொசியே வோக்லேன், லாடத்தக் கழட்டினது அதுக்கில்ல. குளம்புல ஆணி..."

"எல்லாப் பேப்பர்லயும் போட்டுட்டான்யா! இனிமே என்ன நடிப்பு?" அவர் சிரித்துக்கொண்டே மரிவோன் பக்கம் திரும்பினார். "பெரிய ஆள்தான் நீ. ஜெயிச்ச குதிரைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு திட்டமா? போ, போ, சொன்னா சொன்னதுதான். சாயங்காலம் அவன் உனக்குத்தான்."

அவர் போன பிறகு லோயிக் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கடைசியில வர்றதா சொன்னீங்க," என்றாள் மரிவோன்.

"அது ஒண்ணுக்கு நூறு இருக்கும்போது. அப்ப எவன் பாக்கப் போறான்? இப்ப ஃபேவரிட். ஃபேவரிட்ட வச்சிக்கிட்டு பின்னால சும்மா வந்தா நடுவருங்க கூப்பிடுவாங்க. வசந்தத்துல இதுக்குத்தான் ஒரு மாசம் ஓட்ட விடாம உக்கார வச்சாங்க, ஞாபகம் இருக்கில்ல? இன்னொரு தடவன்னா லைசென்ஸ புடுங்கிடுவாங்க. அதோட லாயம் போச்சு. நீ, எர்வே, எல்லாரும் தெருவுல நிக்க வேண்டியதுதான்."

"அப்ப வெலக்கிடுங்க. டாக்டரக் கூப்புட்டுக் காட்டுங்க."

"என்னத்தக் காட்டுறது? மணல்ல நடத்திப் பாப்பாரு, சுத்தமா நடப்பான். குளம்பு ஒடஞ்சிருக்குன்னு சொன்னா, பின்ன ஏண்டா பந்தயத்துல பேர் குடுத்தேன்னு கேப்பாரு. வோக்லேன் நாலு குதிரையையும் நாளைக்கே ஓட்டிட்டுப் போயிடுவான். இவனையும் சேத்து." அவர் ஃபனாலைக் கையால் காட்டினார்.

மரிவோன் எழுந்து குதிரை டாக்டரின் அறைப் பக்கம் நடந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். உள்ளே விளக்கு எரிந்தது, டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவள் கையைத் தூக்கினாள், தட்டவில்லை. அப்படியே திரும்பி வந்தாள்.

"ஏன்?" என்றேன்.

"ரேஸு முடியற வரைக்கும் அவன் வோக்லேனோடவன்தான எர்வே? இப்ப நான் வாயத் தொறந்தா அந்த லாரிக்குத்தான் போவான். ஒரே ஒரு ரேஸு. மூணு நிமிஷம், நாலு நிமிஷம். தாங்குவான்." பிறகு லோயிக்கிடம் போனாள். "நடுவுல வாங்க. முன்னாடியும் வேணாம், பின்னாடியும் வேணாம். அஞ்சாவது ஆறாவதா வந்தா எவனும் எதுவும் கேக்க முடியாது. சவுக்க எடுக்காதீங்க."

"எடுக்க மாட்டேன்," என்றார் லோயிக்.

வண்டி கட்டினோம். நான் இடது வாரைப் பிடித்தேன், மரிவோன் வலது வாரைப் பிடித்தாள். பார்வையாளர் முன்னால் சுற்றிக் காட்டும்போது கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் குனிந்து குனிந்து ஃபனாலின் காலையே பார்த்தார்கள். "வெறுங்கால்தான், வெறுங்கால்தான்," என்று ஒருவன் தன் பெண்டாட்டியிடம் சொன்னான். மணலில் அதன் நடை அழகாகத்தான் இருந்தது.

பதினாலு குதிரைகள் கிளம்பின. லோயிக் சொன்னபடியே செய்தார். முதல் சுற்றில் ஏழாவது எட்டாவதாக, உள்பக்கம், யாரையும் முந்தாமல். மரிவோன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்படியே, அப்படியே," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓட்டல் மாடியில் வோக்லேனின் ஆட்கள் நாற்காலி மேல் ஏறி நின்று குதிரையின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

கடைசி வளைவு வருவதற்குள் முதலாவதாகப் போன குதிரை நடை தவறிப் பாய்ந்தது. அதன் ஓட்டுநர் வாரை இழுத்துக்கொண்டு வெளியே ஒதுங்கினார். அதற்குப் பின்னால் வந்த இரண்டும் மிரண்டு பாய்ந்தன. ஒலிபெருக்கியில் மூன்றுக்கும் விலக்கல் சொன்னார்கள். ஏழாவதாக இருந்த ஃபனால் ஒன்றுமே செய்யாமல் நாலாவதாகிவிட்டது. அதற்கு முன்னால் பாதை திறந்து கிடந்தது.

அந்த இடத்தில் எந்த ஓட்டுநராக இருந்தாலும் ஏதாவது செய்தாக வேண்டும். நடுவர்களின் கோபுரம் நேர் எதிரே. லோயிக் சவுக்கைத் தொடவில்லை, அதை நான் சத்தியமாகச் சொல்வேன். நூலை இழுத்தார். ஒரு ஓட்டுநர் செய்யக்கூடியதில் அதுதான் மிகச் சிறியது.

பஞ்சு விழுந்தது. ஊர்க் கூட்டம் முழுவதும் ஃபனாலின் காதுக்குள் விழுந்தது.

அது கழுத்தை நீட்டிக்கொண்டு போனதை எப்படிச் சொல்வது. எத்தனையோ வருடப் பழக்கம். ஒரு தடவைகூடப் பாயவில்லை, நடை பிசகவில்லை. ஒவ்வொன்றாக மூன்று குதிரைகளையும் தாண்டியது. லோயிக் பின்னால் சாய்ந்து வாரை இழுத்தது எனக்குத் தெரிந்தது, பார்த்தவர்கள் வேறுவிதமாக நினைத்திருப்பார்கள். அரை வண்டி நீளத்தில் ஜெயித்தது. சுற்றி இருந்த முகங்கள் எல்லாம் வாயாகவே இருந்தன. யாரோ ஒருவன் என்னைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தான்.

நான் திரும்பியபோது மரிவோன் அங்கே இல்லை. வேலிக்கு அடியில் நுழைந்து ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஜெயித்த குதிரை ஒரு அரைச் சுற்று போய்த் திரும்பி, பூமாலை போட்டுக்கொள்ள மேடைக்கு வரவேண்டும். ஃபனால் திரும்பவில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. நாலு காலையும் வயிற்றுக்கு அடியில் ஒன்றாகக் குவித்துக்கொண்டு, பனிக்கட்டி மேல் நிற்கிற மாதிரி நின்றது. நான் வாளியோடு போய்ச் சேர்ந்தபோது லோயிக் வண்டியிலிருந்து இறங்கிப் பக்கத்தில் நின்றிருந்தார். ஓட்டத்துக்குப் போட்ட கண்ணாடியைக் கழற்றவில்லை, மணல் அப்பிய கண்ணாடிக்குப் பின்னால் அவர் எங்கே பார்க்கிறார் என்று தெரியவில்லை.

"நூலத்தான் இழுத்தேன்," என்றார். "மரிவோன், நூல மட்டுந்தான்."

அவள் காதில் வாங்கவில்லை. குனிந்து இடது முன்னங்காலைத் தொட்டாள். குளம்பின் முன்பக்கம் பாதி இல்லை. பின்னால், வந்த வழி நெடுக மணலில் சிவப்புச் சிவப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தது. வலது முன்னங்காலும் அப்படியே. எதை ஊன்றுவது எதைத் தூக்குவது என்று தெரியாமல் குதிரை இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது.

குதிரை டாக்டர் வந்தார். சின்ன வயது, நல்ல மனிதர். காலைத் தடவினார், குளம்புக்கு மேலே அழுத்தினார். ஃபனால் முனகியது. குதிரை முனகி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"உள்ள எலும்பு போயிடுச்சு," என்றார் டாக்டர். "ரெண்டுலயும். எப்பத்துலேருந்து இவன் குளம்பு இப்படி இருக்கு?"

லோயிக் குனிந்து வண்டியின் பட்டையை அவிழ்க்கத் தொடங்கினார். டாக்டர் மறுபடி கேட்கவில்லை. பச்சைத் தார்ப்பாயைக் கொண்டுவரச் சொல்லிக் கை காட்டினார். இரண்டு பேர் கொண்டுவந்து கூட்டத்துக்கும் எங்களுக்கும் நடுவில் பிடித்தார்கள்.

வோக்லேன் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சிரித்துக்கொண்டேதான் வந்தார். மணலைப் பார்த்ததும் நின்றார். அவர் அழுதார். பொய்யாக அழவில்லை. கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார், லோயிக்கைப் பார்த்தார், மரிவோனைப் பார்த்தார், குதிரையைப் பார்க்கவில்லை.

"கிளினிக்குக் கொண்டு போகலாமா?" என்று மரிவோன் டாக்டரைக் கேட்டாள்.

"வண்டியில ரெண்டு மணி நேரம். அவ்வளவு நேரமும் இந்தக் கால்லதான் நிக்கணும். போனாலும் செய்யறதுக்கு ஒண்ணுமில்ல. நான் பொய் சொல்ல மாட்டேன்." டாக்டர் எழுந்து முழங்கால் மணலைத் தட்டினார். "சொந்தக்காரர் சம்மதம் வேணும்."

எல்லோரும் வோக்லேனைப் பார்த்தோம்.

அவர் தொண்டையைச் செருமினார். "நான் ஒரு வார்த்த குடுத்திருக்கேன்," என்றார். "எல்லாருக்கும் முன்னால குடுத்தது. ரேஸ் முடிஞ்சதும் இவன் அவளோடவன். ரேஸ் முடிஞ்சிடுச்சு. அவளக் கேளுங்க."

"மொசியே," என்றார் லோயிக்.

"சொன்ன சொல்லு சொன்ன சொல்லுதான்," என்றார் வோக்லேன், இன்னும் மெதுவாக. மரிவோனின் தோளைத் தொட்டார். பிறகு தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். மேடையில் கோப்பை கொடுக்க அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குதிரை இல்லாமலேயே படம் எடுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

டாக்டர் மரிவோன் பக்கம் திரும்பினார். அவரும் தரையைத்தான் பார்த்தார். "மதாம்?"

அவள் ஃபனாலின் தலையைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கடிவாளத்தைக் கழற்றிவிட்டாள், வாயோரத்து நுரையைச் சட்டைக் கையால் துடைத்தாள். காலையில் பின்னிய பிடரியைச் சரி செய்தாள். தார்ப்பாய்க்கு வெளியே ஒலிபெருக்கி ஆறாவது ரேஸின் குதிரைகளை வரிசையாகப் படித்தது, எது லாடத்தோடு, எது லாடம் இல்லாமல் என்று.

"தண்ணி," என்றாள் என்னிடம்.

நான் வாளியைத் தூக்கிப் பிடித்தேன். வாளி கனமாக இருந்தது. ஃபனால் மூக்கை நுழைத்துக் குடித்தது. ஓடி ஜெயித்த குதிரை எப்படிக் குடிக்குமோ அப்படித்தான், பெரிய பெரிய மடக்காக, காது பின்னும் முன்னும் அசைய. டாக்டர் பையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"குடிச்சு முடிக்கட்டும்," என்றாள் மரிவோன். "அப்பறம் செய்யுங்க."

வாளியின் அடி தெரியும் வரை குடித்தது.